அவசர சிகிச்சைப் பிரிவில் குழந்தைக்கு ஸ்கேன்: பெற்றோர் கேட்பவையும் என் பதில்களும்

அவசர சிகிச்சைப் பிரிவில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "ஸ்கேன் எடுக்காமல் அனுப்புகிறீர்களே, ஏதாவது ஆகிவிட்டால்?" என்பது ஒன்று. "ஸ்கேன் எடுக்கச் சொல்கிறீர்களே, கதிர்வீச்சால் ஏதாவது ஆகிவிட்டால்?" என்பது மற்றொன்று. ஒரே தாய் இரண்டையும் அரைமணி நேர இடைவெளியில் கேட்டதுண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பயத்துக்கும் காரணம் இருக்கிறது. நான் எனக்குள் கேட்டுக்கொள்வது வேறொன்று: இந்தப் படம் வந்த பிறகு நாம் செய்யப்போவதில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் நள்ளிரவானாலும் எடுத்தாக வேண்டும்.

இங்கே இருப்பவை பொதுவான விளக்கங்கள். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே இவற்றுக்கு மேல்.

குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுவிட்டது. சி.டி. ஸ்கேன் வேண்டாம் என்கிறார் மருத்துவர். நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது ஊகமாகச் சொல்லப்படும் ஆறுதல் அல்ல.

2009-இல் 'லான்செட்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலைக்காயத்தோடு வந்த, ஏறக்குறைய முழு நினைவோடு இருந்த 42,412 குழந்தைகளையும் சிறார்களையும் அதில் கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்களுக்கு சி.டி. எடுக்கப்பட்டது. ஆனால் கவலைப்படும்படியான மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு, அதாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு மட்டுமே. யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்ல உதவும் ஒரு விதிமுறை இதிலிருந்து உருவானது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மருத்துவர் பார்ப்பவை இவை: நினைவில் மாற்றம் உண்டா, மண்டையோட்டில் முறிவு கைக்குத் தட்டுப்படுகிறதா, நெற்றி தவிர்த்த இடத்தில் வீக்கம் உண்டா, ஐந்து நொடிகளோ அதற்கு மேலோ நினைவிழந்ததா, மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுவது போன்ற பலத்த அடியா, பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இருக்கிறதா. ஆறுக்கும் கவலையில்லாத விடை கிடைத்தால் ஆபத்தான மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்குப் பட்டியல் சற்று மாறும்: வாந்தி, கடுமையான தலைவலி, மண்டையின் அடிப்பகுதி முறிந்ததற்கான அடையாளங்கள், ஐந்தடிக்கு மேலான வீழ்ச்சி ஆகியவை சேரும். அங்கும் எதுவுமில்லை என்றால் வாய்ப்பு இரண்டாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது நெற்றியில் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே போகும் புடைப்பு. என்னை நிறுத்திவைப்பது அதுவல்ல. காதுக்கு மேலே, முடிக்குள் மறைந்து, விரல் நுனிக்கு மெத்தென்று அமுங்கும் வீக்கம்தான். அதனால்தான் நாங்கள் குழந்தையின் தலையைப் பொறுமையாகத் தடவிக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு நிமிடமும் பரிசோதனைதான். அதைச் செய்யாமல் சி.டி.க்குச் சீட்டு எழுதுபவரை நான் மெச்ச மாட்டேன்.

மேலே சொன்ன பட்டியலில் இன்னொரு கேள்வியையும் கவனியுங்கள்: பெற்றோர் பார்வையில் குழந்தை வழக்கம்போல் இருக்கிறதா? "இவள் இப்படி இருக்க மாட்டாள்" என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு மருத்துவத் தகவல். தயங்காமல் சொல்லுங்கள்.

எப்போது யோசிக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும்?

நினைவு மங்கியிருந்தால், மண்டையோட்டு முறிவுக்கான அடையாளம் தெரிந்தால், கை கால் ஒரு பக்கம் அசையாவிட்டால். அங்கே கதிர்வீச்சைப் பற்றிப் பேசி நேரம் கடத்துவது தவறு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நாங்கள் இயல்பாகவே கூடுதல் எச்சரிக்கையோடு முடிவெடுப்போம். அந்த வயதில் அறிகுறிகள் தெளிவாக வெளியே தெரிவதில்லை.

"கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம்" என்றால் காலம் கடத்துகிறார்கள் என்றுதானே பொருள்?

இல்லை. ஆபத்து அதிகமும் இல்லை, அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்ற நடுநிலையில் இருக்கும் குழந்தைக்கு அதுவே முதல் தேர்வு. பொதுவாக அடிபட்ட நேரத்திலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. எனவே எத்தனை மணிக்கு விழுந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் குழந்தை விளையாடத் தொடங்கினால், குடித்தது வயிற்றில் தங்கினால், சி.டி. தராத ஒரு தகவல் கிடைத்துவிட்டது: மூளை வேலை செய்கிறது. மாறாக வாந்தி தொடர்ந்தால், மந்தம் கூடினால், அப்போது ஸ்கேன் எடுப்போம்.

குழந்தை தூங்கலாமா என்று கேட்பார்கள். தூங்கலாம். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் தூங்குவது இயல்பு. எழுப்பினால் எழாமல் இருப்பதுதான் இயல்பற்றது.

ஒரு சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு எவ்வளவு? புற்றுநோய் வருமா?

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். மார்பு எக்ஸ்ரே ஒன்று இதில் சில நாள் கணக்குக்குச் சமம். தலைக்கான சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட். ஏறக்குறைய ஓராண்டுக் கணக்கு. வயிற்று சி.டி. அதைவிடக் கூடுதல்.

2023-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியானது. சிறு வயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேரைப் பின்தொடர்ந்தார்கள். இன்றைய அளவில் சி.டி. எடுக்கும் பத்தாயிரம் குழந்தைகளில், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவர் அல்லது இருவருக்கு அதனால் ரத்தப் புற்றுநோய் வரக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிபவை, அதோடு முன்னால் நீண்ட ஆயுள் இருக்கிறது. ஆகவே பெரியவர்களைவிடக் குழந்தைகளைக் கதிர்வீச்சு கூடுதலாகப் பாதிக்கும்.

பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு என்பதைப் பூதமாக்கவும் வேண்டாம், ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு இருக்க நூற்றில் ஐந்து வாய்ப்புள்ள குழந்தைக்கு அது அற்பம். எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு, "மனநிம்மதிக்காக" என்ற பெயரில், அது தேவையற்ற சுமை. நிம்மதி பெற்றோருக்கு, கதிர்வீச்சு குழந்தைக்கு என்றாகிவிடும்.

எடுத்த பிறகு கதிர்வீச்சு உடலில் தங்கிவிடுமா? மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாமா?

தங்காது. கருவி நின்றதும் கதிரும் நின்றுவிட்டது. தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம், பால் கொடுக்கலாம்.

சி.டி. எடுத்தே தீர வேண்டும் என்றால் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

மூன்று கேள்விகள் போதும். கருவியின் அளவுகளைக் குழந்தையின் எடைக்கேற்பக் குறைத்திருக்கிறார்களா? தேவைப்படும் பகுதியை மட்டும் எடுக்கிறார்களா? ஒரே முறைதான் எடுக்கிறார்களா, அல்லது சாயமருந்து போடுவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறையா? குழந்தைகளுக்கு ஒரு முறையே பெரும்பாலும் போதும். இரண்டு முறை எடுத்தால் கதிர்வீச்சும் இரட்டிப்பு. பெரியவர்களுக்கான அளவைக் குழந்தைக்கு அப்படியே பயன்படுத்தும் வழக்கத்தை மாற்றவென்று 2008-இல் 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கமே தொடங்கப்பட்டது. ஆகவே இந்தக் கேள்விகளைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கடும் வயிற்றுவலி. ஏன் முதலில் அல்ட்ராசவுண்ட்?

குழந்தையின் உடம்பு மெலிது, கொழுப்புக் குறைவு. ஒலி அலைகள் எளிதாக உள்ளே போய்த் திரும்புகின்றன. பெரியவர்களிடம் மங்கலாகத் தெரிவது குழந்தைகளிடம் துலக்கமாகத் தெரியும். கதிர்வீச்சும் இல்லை.

குடல் செருகல் என்றொரு நோய் உண்டு. குடலின் ஒரு பகுதி, மடக்குத் தொலைநோக்கியின் குழாய்போல, அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். குழந்தை திடீரென வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கும், சில நிமிடங்களில் ஓய்ந்து வெளிறிக் கிடக்கும், மீண்டும் அழும். அல்ட்ராசவுண்ட் திரையில் வட்டத்துக்குள் வட்டமாக, குறிபார்த்து எறியும் பலகை போலத் தெரியும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பிறகு ஆசனவாய் வழியாக அளவோடு காற்றைச் செலுத்தினால், திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடல் பெரும்பாலும் பின்வாங்கித் தன் இடத்துக்குப் போய்விடும். கத்தி வைக்காமல் படத்தின் துணையோடே நோயைத் தீர்க்கும் அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் சிலருக்கு அது திரும்ப வரலாம் என்பதால் அன்றே வீட்டுக்கு ஓட அவசரப்படாதீர்கள்.

குடல்வால் அழற்சியில் அல்ட்ராசவுண்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வீங்கிய குடல்வால் தெரிந்தால் நோய் உறுதி. "குடல்வால் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. வாயு மறைத்திருக்கலாம், அது வேறு இடத்தில் ஒளிந்திருக்கலாம். அப்போது ரத்தப் பரிசோதனை, சில மணி நேரம் கழித்து மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, இன்னொரு அல்ட்ராசவுண்ட் என்று போவோம். அதன் பிறகும் தெளிவில்லை என்றால்தான் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.

சிறுவன் அடிவயிற்றில் வலி என்றால் விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள்; வெட்கத்தில் அவனாகச் சொல்ல மாட்டான். விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் நேரே அறுவை அரங்குக்குப் போவதே சரி.

மலச்சிக்கலா என்று பார்க்க வயிற்று எக்ஸ்ரே?

தேவையில்லை. குடலில் மலம் எல்லோருக்கும் இருக்கும், படத்திலும் தெரியும்.

எதையோ விழுங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் தெரியுமா?

உலோகம் பெரும்பாலும் தெரியும். கண்ணாடித் துண்டும் பெரும்பாலும் தெரியும் (தெரியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்). பிளாஸ்டிக், மரம், உணவுத் துண்டு ஆகியவை தெரியாது. ஆகவே எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குழந்தை எச்சில் விழுங்க முடியாமல் வடித்துக்கொண்டிருந்தால் கதை முடியவில்லை.

நாணயம் என்று நினைத்து வருபவர்களில் சிலருடைய பிள்ளை விழுங்கியிருப்பது பட்டன் பேட்டரி. எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளை வட்டம்தான். ஆனால் படத்தைப் பெரிதாக்கி விளிம்பைப் பார்த்தால் பேட்டரிக்கு உள்ளே இன்னொரு மெல்லிய வளையம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் விளிம்பில் ஒரு சிறு படி தெரியும். அந்த வளையத்தைப் பார்த்ததும் அறையின் வேகமே மாறிவிடும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி, ஈரமான சுவர்களுக்கிடையே மின்னோட்டத்தை உண்டாக்கும்; அதில் உருவாகும் காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) சுவரைச் சுட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் ஆகலாம். ஆகவே சந்தேகம் வந்த உடனே கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தேனைத் தேடி ஐந்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம். அதே போன்ற பேட்டரியோ காலி அட்டையோ வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

காந்தம் ஒன்று என்றால் பெரும்பாலும் பிழைத்தோம். இரண்டு என்றால், குடலின் இரண்டு மடிப்புகளைத் தமக்கு நடுவே கவ்விப் பிடித்துத் துளைத்துவிடும். படத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல் தெரியும் என்பதால் இரண்டு கோணங்களில் எடுப்போம்.

சாப்பிடும்போது புரையேறி மூச்சுத் திணறியது, இப்போது சரியாகிவிட்டது. மார்பு எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது. அப்படியும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

வேர்க்கடலை போன்றவை எக்ஸ்ரேயில் தெரியாது. அது காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுத்தால், மூச்சை வெளிவிடும்போது அந்தப் பக்க நுரையீரல் மட்டும் ஊதியே இருப்பது சில சமயம் துப்புக் கொடுக்கும். அந்தத் துப்பும் இல்லாமல் போகலாம். "திடீரென இருமி, திணறி, முகம் மாறியது" என்று நீங்கள் சொன்னதே இங்கே படத்தைவிட வலுவான ஆதாரம். எக்ஸ்ரேயைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பினால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் மாவுக்கட்டு?

குழந்தையின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் வெறும் கறுப்பு இடைவெளியாகத்தான் தெரியும். அது விலகித் தன் இடத்துக்கே திரும்பியிருந்தால் படம் குற்றமற்றதாகக் காட்டும், ஆனால் அந்த இடத்தில் விரல் வைத்தால் குழந்தை துடிக்கும். வளர்ச்சித் தட்டுக் காயங்களை சால்ட்டர், ஹாரிஸ் என்ற இருவர் 1963-இல் வகைப்படுத்தினார்கள். அவர்கள் பெயரோடு இன்றும் அதே வகைப்பாடுதான். அதில் முதல் வகையே இப்படிப் படத்தில் சிக்காமல் போகக்கூடியது.

நடக்கப் பழகும் குழந்தை கால் இடறி, பிறகு காலை ஊன்ற மறுக்கும். கீழ்க்கால் எலும்பில் முடி போன்ற கோடு விழுந்திருக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் பத்து நாள் கழித்துப் புது எலும்பு வளரும்போது தெரியும். அதுவரை முறிந்ததாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. முழங்கையில் எலும்பின் பின்னால் இருக்கும் கொழுப்புத் திட்டு மேலே தள்ளப்பட்டிருந்தால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, பெரும்பாலும் எங்கோ முறிவு இருக்கிறது என்று பொருள். கோடு தெரிய வேண்டிய அவசியமில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. குழந்தையின் கையைப் பிடித்துச் சட்டென்று மேலே இழுத்ததும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டதா? வீக்கமும் இல்லையா? மூட்டு சற்று விலகியிருக்கிறது. எக்ஸ்ரே இல்லாமலே கையை ஒரு திருப்பில் சரிசெய்துவிடலாம். சிறிது நேரத்தில் அதே கையால் பொம்மையை எடுக்கும்.

காய்ச்சலோடு வலிப்பு வந்தது, சளியில் மூச்சிழுப்பு. இவற்றுக்கு ஸ்கேன், எக்ஸ்ரே?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வந்த சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு, குழந்தை தெளிந்து எழுந்துவிட்டால், தலை ஸ்கேன் வேண்டாம். கைக்குழந்தைகளின் வைரஸ் சளி இழுப்புக்கு வழக்கமாக மார்பு எக்ஸ்ரே வேண்டாம். எடுத்தால் தெரியும் மங்கலான நிழலை நிமோனியா என்று எண்ணித் தேவையில்லாத ஆன்டிபயாடிக் கொடுக்கத் தூண்டும். படம் குழப்பத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் குழப்பத்தை உண்டாக்கும் இடங்களில் இது ஒன்று.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லையே, அதையே எடுத்தால் என்ன?

நல்ல கேள்வி. தடை நேரம்தான். சி.டி. சில நொடிகளில் முடியும். வழக்கமான எம்.ஆர்.ஐ. அரைமணி முதல் ஒரு மணி நேரம், அதுவும் தடதடவென்ற சத்தத்தில். சிறு குழந்தை அசையாமல் கிடக்காது. தூங்க வைக்கும் மருந்து வேண்டும். அதற்கு வெறும் வயிறு வேண்டும்: தெளிந்த நீருக்கு இரண்டு மணி, தாய்ப்பாலுக்கு நான்கு மணி, புட்டிப்பாலுக்கும் லேசான உணவுக்கும் ஆறு மணி நேர இடைவெளி. அடிபட்டு மயங்கும் குழந்தையை அந்தக் குழாய்க்குள் விட்டுக் காத்திருக்க முடியாது. சில மையங்களில் சில நிமிடங்களில் முடியும் வேக எம்.ஆர்.ஐ. இருக்கிறது, மூளைநீரை வடிக்கக் குழாய் பொருத்திய குழந்தைகளுக்கு அடிக்கடி படம் தேவைப்படும், அவர்களுக்கு அது பெரிய வரம்.

உள்ளே போகும் முன் ஊசி, ஹேர்பின், கொலுசு, சட்டைப்பை நாணயம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எம்.ஆர்.ஐ. கருவியே ஒரு பெரும் காந்தம்; அது இரவும் பகலும் விழித்தே இருக்கும்.

ஈய அங்கி போடாமலே எக்ஸ்ரே எடுத்தார்கள். அலட்சியமா?

அல்ல. குழந்தையின் இடுப்பில் ஈயத் தகடு வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் அறிவித்தது. இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு வெகு குறைவு. தகடு நகர்ந்து படத்தை மறைத்தால் மீண்டும் எடுக்க நேரும். தானாக அளவைத் தீர்மானிக்கும் கருவியின் குறுக்கே வந்தால் அது கதிரைக் கூட்டிவிடும். ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களுக்கு அங்கி தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட்டு வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் மேல் சந்தேகமா?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் காயம், சொல்லப்படும் காரணத்தோடு பொருந்தாவிட்டால் இப்படி எடுப்பது நடைமுறை. பேசத் தெரியாத நோயாளிக்காக நாங்கள் கேட்கும் கேள்வி அது. எளிதில் முறியும் எலும்பு நோய்களும் இதே பரிசோதனையில்தான் தெரியவரும். வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்பதுதான் நியாயம்.

வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் இருக்கிறது. மறுபடியும் எடுப்பார்களா?

படங்களே கையில் இருந்தால் பெரும்பாலும் வேண்டியிருக்காது. அறிக்கைத் தாள் மட்டும் போதாது. குறுந்தகட்டையோ படங்களைத் திறக்கும் இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் திரையைப் படம்பிடித்துக்கொண்டு வருகிறார்கள், அதில் பாதி நேரம் விளக்கின் பிரதிபலிப்புதான் தெரிகிறது.

இரவில் ஒன்று சொல்லி, காலையில் வேறு சொன்னார்கள். யார் சொன்னது சரி?

இரவில் பல இடங்களில் பணியில் இருக்கும் மருத்துவரே படத்தைப் பார்த்து முடிவெடுப்பார். கதிரியக்க நிபுணர் காலையில் மறுபடி பார்ப்பார். சில சமயம் ஒரு மெல்லிய கோடு அப்போதுதான் கண்ணில் படும். பெரும்பாலும் சிகிச்சை மாறாது, சில சமயம் கட்டுப்போட அழைப்பார்கள். கிளம்பும் முன் பதிவேட்டில் இருக்கும் உங்கள் கைப்பேசி எண் சரிதானா என்று ஒருமுறை பாருங்கள். மறுநாள் காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுங்கள்.